நிழல் மறையாத பல்: காத்திருப்பதா, மறுபடி திறப்பதா, அறுப்பதா, பிடுங்குவதா?

அக்காவுக்கும் எனக்கும் ஒரே வருடம், ஒரே பல்லில் வேர் சிகிச்சை நடந்தது. இருவருக்கும் இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். இருவருக்கும் வேர் நுனியில் சீழ் பிடித்து, எக்ஸ்ரேயில் பெரிய மிளகு அளவுக்குக் கருப்பு நிழல் தெரிந்தது. செய்தவரும் ஒரே டாக்டர். எட்டாம் மாதம் எடுத்த படத்தில் அக்காவுக்கு நிழல் இருந்த இடம் முழுக்க எலும்பு நிறைந்துவிட்டது. எனக்குப் பதினான்காம் மாதத்திலும் நிழல் அப்படியே நின்றது. வலி இல்லை, வீக்கம் இல்லை, முறுக்கைக்கூடக் கடிக்க முடிகிறது. படத்தில் மட்டும் அந்தக் கருப்பு வட்டம்.

"ஒரே அப்பா அம்மா, ஒரே டாக்டர். எனக்கு மட்டும் ஏன் ஆறல? உடம்பு வாகா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா. ஆனா அதை வெச்சு முடிவு எடுக்க முடியாது" என்றார் டாக்டர். பிறகு நான்கு வழிகளைச் சொன்னார்: இன்னும் காத்திருக்கலாம், பல்லை மறுபடி திறந்து சுத்தம் செய்யலாம், ஈறைக் கீறி வேர் நுனியை வெட்டி எடுக்கலாம், பல்லையே எடுத்துவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளாண்ட் வைக்கலாம். ஐந்தாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன். மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுத்தால் என்ன?

இந்த ஐந்தையும் பல மாதங்களாக எடைபோட்டேன், படித்தேன், கேட்டேன். இதே கேள்வியோடு கையில் எக்ஸ்ரே வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல, பள்ளி ஆசிரியை. உங்கள் பல்லை நேரில் பார்ப்பவர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

கருப்பு நிழல் என்பது என்ன

அந்த நிழல் ஒரு பொருள் அல்ல, எலும்பு இல்லாத இடம். பல்லின் உள்நரம்பு செத்து, குழாய்க்குள் கிருமிகள் குடியேறியதும் அவற்றின் நச்சு வேர் நுனி வழியாகக் கசிகிறது. உடம்பு அங்கே காவல் செல்களைக் குவிக்கிறது. சண்டைக்கு இடம் ஒதுக்க, சுற்றியிருக்கும் எலும்பை உடம்பே கரைத்துக்கொள்கிறது. எலும்பைத் தின்பது கிருமி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிருமி தூண்டிவிடுகிறது, கரைப்பது நம் சொந்தச் செல்கள். மரபணு இந்தக் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான்.

காவல் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களில் முக்கியமானது இன்டர்லூக்கின்-1 பீட்டா. அது கூடும்போது எலும்பு கட்டும் செல்கள் ரேங்க்-எல் என்ற புரதத்தை வெளியே நீட்டுகின்றன. அது எலும்பைக் கரைக்கும் செல்களைப் பிறப்பிக்கிறது. அதைத் தடுக்க ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. ரேங்க்-எல் போய் ஒட்ட வேண்டிய இடத்துக்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. இந்த இரண்டின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறதோ, எலும்பு அந்தப் பக்கம் போகும். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெனோசுமாப் ஊசி இதே ரேங்க்-எல்லைத் தடுப்பதுதான். கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் வேறு இருக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கும் மரபணுவில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள் உண்டு.

கிருமி இல்லாவிட்டால் இந்தக் கதை தொடங்குவதே இல்லை. 1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி குழுவினர் எலிகளின் பல் நரம்பைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கு, திறந்த இடத்தில் உணவு போய் அடைந்தபோதும், உடம்பே புதிய பல்திசுவால் பாலம் கட்டி மூடிக்கொண்டது. மரபணுவைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொண்டே படித்தேன்.

உடம்பு வாகு பற்றி ஆய்வுகள் சொல்வது

அதிகம் தேடப்பட்ட மரபணு இன்டர்லூக்கின்-1 பீட்டாவுடையது. இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் 3954ஆம் இடத்தில் 'சி' எழுத்துக்குப் பதில் 'டி' எழுத்து இருப்பவர்களின் செல்கள், தூண்டினால் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரப்பதாக 1992இலேயே ஆய்வகத்தில் கண்டார்கள். கூடுதல் புரதம் என்றால் கூடுதல் எலும்புக் கரைசல், அதனால் தாமதமான ஆறுதல் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே?

2009இல் பிரேசிலில் சிக்கேரா குழுவினர், வேர் சிகிச்சைக்குப் பிறகும் நோய் நீடித்தவர்களையும் ஆறியவர்களையும் ஒப்பிட்டார்கள். இந்த மரபணுவில் தொடர்பு தெரியவில்லை. கிருமியின் மேல் ஒட்டிய எதிர்ப்புப் புரதங்களைக் காவல் செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஏற்பிகளின் மரபணுவில்தான் தொடர்பு தெரிந்தது. 2011இல் மோர்சானி குழுவினர் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டபோது பதில் நேர்மாறாக வந்தது. நோய் நீடித்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேரிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் மாறிய வடிவம் இருந்தது. ஆறியவர்களில் கால்வாசிப் பேரிடம்தான். இரண்டுமே சிறிய ஆய்வுகள். பிறகு கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள், ரேங்க்-எல் குடும்பம் என்று பல மரபணுக்களைத் தேடியிருக்கிறார்கள். அங்கங்கே தொடர்பு தென்படுகிறது. தேட வேண்டிய ஆய்வுகள்தான் அவை. ஆனால் ஒருவரின் பல்லை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் அளவுக்கு அவற்றில் உறுதி இல்லை.

ஒரே மரபணு கெட்டால் வரும் நோய்கள் வேறு ரகம். பாப்பியோன்-லெஃபெவ்ர் என்ற அபூர்வ நோயில் கேதெப்சின்-சி என்ற ஒரே ஒரு மரபணு பழுதானதால் குழந்தைகளுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பால் பற்களும் பிறகு வரும் பற்களும் இளம் வயதிலேயே விழுந்துவிடுகின்றன. அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்குச் சொத்தையே இல்லாத பல்லில்கூட ரத்த ஓட்டம் அடைபட்டு நரம்பு சாகலாம். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த நோய் இருப்பது 1952இலேயே பதிவாகியிருக்கிறது. அங்கெல்லாம் மரபணு தெரிந்தால் சிகிச்சையின் போக்கே மாறும். இன்டர்லூக்கின் எழுத்து மாற்றம் அப்படிப்பட்டதல்ல. அது வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான்.

"ஒரே அப்பா அம்மா" என்ற என் வாதமும் இங்கே விழுந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட மரபணுவை எடுத்துக்கொண்டால், அம்மாவிடமிருந்து ஒரு படியும் அப்பாவிடமிருந்து ஒரு படியும் வருகின்றன. உடன்பிறந்த இருவர் அந்த மரபணுவின் இரண்டு படிகளிலும் முற்றிலும் வேறானவற்றைப் பெற்றிருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வகுப்பில் பட்டாணிச் செடியை வைத்து இதைப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகச் சொல்லித் தருகிறேன். எனக்கும் அக்காவுக்கும் அதைப் பொருத்திப் பார்க்க ஒரு பல் தேவைப்பட்டது.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை?

இதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். வேர் சிகிச்சைக்கு அல்ல, ஈறு நோய்க்கு இப்படி ஒரு பரிசோதனை ஏற்கெனவே விற்பனைக்கு வந்தது. 1997இல் கார்ன்மன் குழுவினர் இன்டர்லூக்கின்-1 மரபணுக்களின் ஒரு குறிப்பிட்ட கூட்டு, புகைபிடிக்காதவர்களிடம் கடுமையான ஈறு நோயோடு சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். அதிலிருந்துதான் அந்தப் பரிசோதனை பிறந்தது. 'புகைபிடிக்காதவர்களிடம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புகைபிடிப்பவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. சிகரெட்டின் சேதம் மரபணுவின் வித்தியாசத்தை மூழ்கடித்துவிட்டது.

2000இல் சீன வம்சாவளியினர் 300 பேரிடம் அதே கூட்டைத் தேடினார்கள். 2.3 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கும் அடையாளம் இது. சீனர்களுக்கு ஈறு நோய் வராமல் இல்லையே. ஒரு மக்களிடம் அளந்த அளவுகோலை இன்னொரு மக்களிடம் அப்படியே வைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், புகை, நீரிழிவு போன்ற காரணங்களுக்கு ஈடான தாக்கம் உள்ள ஒரு மரபணு ஈறு நோயில் கண்டறியப்படவில்லை என்றே சொல்கிறது.

என் பல்லுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். பரிசோதனை 'தாமதமாக ஆறும் வாகு' என்று சொன்னால் என்ன செய்வேன்? இன்னும் காத்திருப்பேன், கிருமி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வேன். 'சாதாரண வாகு' என்று சொன்னால்? அப்போதும் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் தேடுவேன். எந்தப் பதில் வந்தாலும் அடுத்த அடி மாறாத பரிசோதனைக்குப் பணம் கட்டுவது சரியல்ல என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது வேறொரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (எச்பிஏ1சி). சில நூறு ரூபாய்தான் ஆனது. 7.8 வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். அக்காவுக்கு 5.5.

நீரிழிவு உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே வேர் நுனியில் நிழல் விழுந்த பல் ஆறும் வாய்ப்பு குறைகிறது என்று 2003இல் ஃபுவாட், பர்ல்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நான் இன்டர்லூக்கினைத் தேடி அலைந்த மாதங்களில் பதில் என் ரத்தத்தில் இனித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை, அத்தைக்குச் சர்க்கரை. அதுவும் மரபுதான், ஆனால் மாத்திரையாலும் நடையாலும் கட்டுக்குள் வரக்கூடிய மரபு. உங்கள் பல் ஆறவில்லை என்றால் வேறு எதையும் யோசிக்கும் முன் இந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காத்திருப்பது

நான்கில் இதுதான் பயமுறுத்துகிறது, ஏனென்றால் எதுவும் செய்யாமல் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது ஒரு வருடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. நிழல் முழுதும் போகாவிட்டால் நான்கு வருடம்வரை பார்க்கச் சொல்கிறது. ஆறத் தொடங்கும் பற்களில் பெரும்பாலானவை முதல் வருடத்திலேயே அறிகுறி காட்டிவிடும் என்பது நார்வேயின் எர்ஸ்டாவிக் 1996இல் கண்டது. அறிகுறி காட்டுவது வேறு, முழுதும் ஆறுவது வேறு. பெர்கன் நகரில் மோல்வென் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 10 முதல் 17 ஆண்டுகள் கழித்தும் இருந்த நிழல்களில் சில, 20 முதல் 27 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மறைந்திருந்தன. இவ்வளவு மெதுவாக ஆறும் உடம்புகளும் உண்டு. உடம்பு வாகு பற்றிய ஆய்வுகளில் எனக்குப் பயன்பட்டது இந்த ஒரு செய்திதான். சிலருக்கு நாள் பிடிக்கும், அதைத் தோல்வி என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

அதற்காக யாரும் எப்படியும் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. நிழல் சுருங்கிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் பெரிதாகாமல் இருக்க வேண்டும். தட்டினால் வலி, ஈறில் பரு போலக் கிளம்பிச் சீழ் கசிவது, கடித்தால் கூச்சம் இருக்கக் கூடாது. வேர்க் குழாய் நுனிவரை நிறைந்திருக்க வேண்டும். மேலே போட்ட கேப் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். என் டாக்டர் ஊசி முனை போன்ற கருவியைக் கேப்பின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மாட்டியது. எச்சிலும் கிருமியும் உள்ளே போக அந்த இடைவெளி போதும். 1995இல் ரே, ட்ரோப் இருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, உள்ளே நிரப்பியதன் தரத்தைவிட மேலே மூடியதன் தரம்தான் வேர் நுனியின் ஆரோக்கியத்தோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டுமே சம முக்கியம் என்கின்றன. எப்படியிருந்தாலும் ஒழுகும் கூரையின் கீழ் சுவர் காயாது.

காத்திருக்கும் நாட்களில் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது நம் ஊரில் சாதாரணம். செத்த நரம்புக் குழாய்க்குள் ரத்த ஓட்டமே இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது. முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் அது வேறு விஷயம். வெறும் நிழலுக்கு மாத்திரை வேண்டாம்.

மறுபடி திறப்பது

கேப்பைக் கழற்றி, உள்ளே நிரப்பியிருக்கும் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை உருக்கி எடுத்து, குழாய்களை மறுபடி கழுவி நிரப்புவது. எனக்குச் சொன்ன தொகை 9,000 ரூபாய், புதிய கேப் தனி.

முதல் சிகிச்சையில் ஏதோ விட்டுப்போயிருந்தால் இதுதான் சரியான வழி. குழாய் நுனிவரை நிறையவில்லை, ஒரு குழாயைக் காணாமலே விட்டுவிட்டார்கள், பல நாள் கேப் ஒழுகியிருக்கிறது என்பவை அப்படிப்பட்ட குறைகள். ஸ்வீடனின் உமியோவில் ஷோகிரன் குழுவினர் 356 பேரை 8 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்து 1990இல் வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நிழல் விழாத பற்களில் 96 சதவீதத்துக்கு மேல் நலம். நிழலோடு வந்து முதல் சிகிச்சை பெற்றவற்றில் 86. நிழலோடு மறுசிகிச்சை பெற்றவற்றில் 62. அந்த 62ஐப் பார்த்து நான் பயந்துபோனேன். பிறகு 2011இல் லண்டனில் இங் குழுவினர் வெளியிட்டதைப் படித்தேன். முதல் சிகிச்சையில் 83 சதவீதமும் மறுசிகிச்சையில் 80 சதவீதமும் ஆறியிருக்கின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து வாயில் தங்கியிருந்த பற்கள் இரண்டு வகையிலும் சுமார் 95 சதவீதம். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நுண்ணோக்கியும் முப்பரிமாண ஸ்கேனும் வந்துவிட்டன.

விட்டுப்போன குழாய் பற்றிச் சொல்லும்போது மரபணு இன்னொரு வாசல் வழியாக வருகிறது. என் மனதில் அதிகம் தங்கியது இதுதான். ஆறும் வேகத்தை மட்டுமல்ல, வேரின் வடிவத்தையும் நாம் பரம்பரையாகப் பெறுகிறோம். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர். சீனா, கொரியா, தைவான் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மூன்றாவதாக ஒரு சின்ன வேர் நாக்குப் பக்கம் இருக்கிறது. ஐரோப்பியரிடம் இது மிகக் குறைவு. திபெத் பீடபூமியின் விளிம்பில் ஷியாஹேயில் கிடைத்த, 1,60,000 ஆண்டுகள் பழமையான, டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தின் தாடையெலும்பில் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள் இருந்ததை 2019இல் எழுதினார்கள். ஆசிய மக்களுக்கு இந்த மூன்றாம் வேர் அந்தப் பழைய உறவினர்களிடமிருந்துதான் வந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லில் குழாய்கள் ஒன்றாக இணைந்து பிறை வடிவில் இருப்பதும் கிழக்காசியாவில் அதிகம். மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் கன்னப் பக்க முன்வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பாதிக்கு மேற்பட்டோருக்கு உண்டு. அது எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படாது.

எழுத்து மாற்றத்தால் ஆறுதல் ஒரு வருடம் தள்ளிப்போகலாம். ஆனால் பரம்பரை கொடுத்த வேர் ஒன்று கழுவப்படாமல் நின்றுவிட்டால், எந்த வாகு உள்ளவருக்கும் ஆறுவது கடினம். இதைப் பார்க்க மரபணு ஆய்வகம் வேண்டாம், பல்லுக்கான முப்பரிமாண ஸ்கேன் போதும். நான் எடுத்தேன். எனக்கு வேர் இரண்டு, குழாய் மூன்று, மூன்றும் நுனிவரை நிறைந்திருந்தன. அதனால் மறுபடி திறப்பதில் எனக்குப் பெரிய லாபம் இல்லை என்று தெரிந்தது. திறக்கும்போது வேர்ச்சுவர் மெலியும், விரிசல் விடலாம். காரணம் இல்லாமல் அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

வேர் நுனியை வெட்டுவது

ஈறை விலக்கி, எலும்பில் சிறு சாளரம் திறந்து, வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை வெட்டி, அங்கிருக்கும் திசுவைச் சுரண்டி எடுத்து, வெட்டிய முனையை எம்.டி.ஏ (ஒருவகைப் பல் சிமென்ட்) போன்ற பொருளால் அடைப்பார்கள். குழாய் கிளை பிரிவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி 3 மில்லிமீட்டரில்தான்.

எல்லா அறுவையும் ஒன்றல்ல. 2010இல் செட்சர் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்தபோது, பழைய முறையில் 59 சதவீதமும், நுண்ணோக்கியும் ஒலியதிர்வுக் கருவியும் புதிய அடைப்புப் பொருளும் கொண்டு செய்த முறையில் 94 சதவீதமும் வெற்றி வந்திருந்தது. ஆகவே "அறுவை செய்வீங்களா?" என்று கேட்பதைவிட "மைக்ராஸ்கோப் வெச்சு செய்வீங்களா?" என்று கேளுங்கள்.

மறுபடி திறக்க முடியாத பல்லுக்கும், உள்ளே நன்றாகச் செய்தும் ஆறாத பல்லுக்கும் இது ஏற்றது. சில நிழல்கள் முழுக்க மூடிய நீர்க்கட்டிகள். நாயர் 1996இல் பல்லோடு சேர்த்து எடுத்த 256 நிழல்களை வெட்டி ஆராய்ந்தபோது 15 சதவீதம் மட்டுமே நீர்க்கட்டிகள். அவற்றிலும் வேர்க் குழாயோடு தொடர்பே இல்லாத, தனியாக மூடியவை மொத்தத்தில் 9 சதவீதம். குழாயை எவ்வளவு கழுவினாலும் அப்படிப்பட்டவை போகாமல் இருக்கலாம். வெட்டி எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் எது என்று தெரியும். எக்ஸ்ரேயைப் பார்த்து மட்டும் "இது கட்டி" என்று அடித்துச் சொல்ல முடியாது.

கீழ்த்தாடையில் உதட்டுக்குப் போகும் நரம்பு பக்கத்தில் ஓடுகிறது, மேல்தாடையில் சைனஸ் இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஸோலட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டவர்கள், எலும்பைத் தொடும் எந்தச் சிகிச்சைக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தாடையெலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. இந்த அறுவைக்கும் பல் பிடுங்குவதற்கும் அது சேர்த்தேதான். சர்க்கரை 7.8 இருந்த எனக்கு "இப்ப வேண்டாம்" என்றார் டாக்டர்.

பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட்

வீட்டில் எல்லோரும் சொன்னது இதைத்தான். "எத்தனை நாள்டி அதோட மல்லுக்கட்டுவ? எடுத்துப் போட்டுட்டு புதுசா வெச்சுக்க" என்றாள் அக்கா. எனக்குச் சொன்ன தொகை 35,000 ரூபாய்.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், ஈறுக்கு மேல் கேப் பிடிக்கவும் பல் மிச்சமில்லை என்றால், வேறு வழியில்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் "என் உடம்பு வாகு சரியில்லை, அதனால் பல்லை எடுத்துவிடுகிறேன்" என்ற காரணம் நிற்கவே நிற்காது. இம்ப்ளாண்ட் நிற்பதும் அதே எலும்பில்தான். அதைச் சுற்றிக் கிருமி சேர்ந்தால் அதே காவல் செல்கள், அதே இன்டர்லூக்கின், அதே ரேங்க்-எல். 2004இல் சுவிட்சர்லாந்தில் 180 பேரை வைத்துப் பார்த்தபோது, நிறைய புகைபிடிப்பவர்களில், முன்பு சொன்ன இன்டர்லூக்கின்-1 மரபணுக் கூட்டு உள்ளவர்களுக்கு இம்ப்ளாண்டைச் சுற்றிச் சிக்கல்கள் கூடின. புகைபிடிக்காதவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. பல்லை மாற்றலாம், உடம்பை மாற்ற முடியாது. கட்டுப்படாத சர்க்கரை இம்ப்ளாண்டையும் விடாது.

இன்னொன்றும் உண்டு. மற்ற மூன்று வழிகளில் எதைச் செய்தாலும் பிறகு பிடுங்க முடியும். பிடுங்கிய பிறகு மற்ற மூன்றுக்கும் திரும்ப முடியாது. என்னைப் பொறுத்தவரை கடைசியில் வைக்க இந்த ஒரு காரணமே போதும்.

நான் எடுத்த முடிவு

காத்திருப்பது, ஆனால் சும்மா அல்ல. ஓரம் மாட்டிய கேப்பைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினேன். காலை ஆறு மணிக்குப் பெரிய கோயிலைச் சுற்றி நடக்கிறேன், அக்காவும் கூட வருகிறாள். ஆறு மாதத்தில் 7.8 என்பது 6.6 ஆனது.

எக்ஸ்ரே எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். கோணம் மாறினால் அதே நிழல் சின்னதாகவும் பெரிதாகவும் தெரியும், வீணாகச் சந்தோஷமோ பயமோ வரும். பதினான்காம் மாதம் 5 மில்லிமீட்டர் இருந்தது, இருபத்திரண்டாம் மாதம் 3 ஆகியிருக்கிறது. அதில் எவ்வளவு புதிய கேப்பால், எவ்வளவு சர்க்கரை குறைந்ததால், எவ்வளவு என் உடம்பு தன் வேகத்தில் போய்ச் சேர்ந்ததால் என்று பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியவில்லை. மறுபடி 5 ஆனால் நுண்ணோக்கி அறுவைக்குப் போவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். இனிப் படம் எடுக்க வேண்டியது தை மாதம். பழைய படங்கள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, அலமாரியில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.